ஆறாயிரம் மீட்டருக்கு முன்

வரும் ஆகஸ்டு மாதம் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் உள்ள காங் யாட்சே-2 என்னும் சிகரத்தில் ஏற முயல இருக்கிறேன். உயரம் 6,250 மீட்டர். ஆறாயிரத்தைக் கடக்கும் எனது முதல் முயற்சி இது. கடந்த சில மாதங்களாக நண்பர்கள் பலர், குறிப்பாக முனைவர்பட்ட ஆய்வில் இருக்கும் இளைய தோழியர், இதற்கு எப்படி ஆயத்தமாவது என்று உள்பெட்டியில் கேட்டு வருகிறார்கள். தனித்தனியே விடை எழுதுவதைக் காட்டிலும் ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. பதிவு நீளமானது, பொறுமையுள்ளோர் தொடர்க.

முதலில், ஓர் அறிவியல் வரலாற்று மாணவிக்கு மலையில் என்ன வேலை என்ற வினா. என் ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாபெரும் முக்கோண நில அளவையில் உழைத்த கலாசிகளைப் பற்றியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது முதல் இமயத்தின் கொடுமுடிகளைக் கணக்கிட்டது வரை, சங்கிலி இழுத்தவர்களும் கருவிகளைத் தூக்கியவர்களும் குறிக்கம்பம் நட்டவர்களும் இவர்களே. 1860-இல் ஸ்பிதிப் பகுதியின் ஷில்லா சிகரத்தின் மேல் ஒரு கலாசி கம்பத்தைக் கொண்டுசென்று நட்டார். அச்சிகரம் ஏழாயிரம் மீட்டரைக் கடந்தது என்று அன்று கணித்திருந்தார்கள். ஆகவே மனிதர் எட்டிய மிக உயர்ந்த இடம் அதுவே என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. பின்னாளைய அளவீட்டில் அது 6,132 மீட்டர் என்று திருத்தப்பட்டது. உயரம் திருத்தப்பட்டது, ஏறியவரின் பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை. கோப்புகளில் அவர் ஒரு கலாசி, அவ்வளவே.

தில்லித் தேசிய ஆவணக்காப்பகத்தில் அக்காலத்துக் கடிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு எழுந்த ஐயம் மிக எளியது. ஆறாயிரம் மீட்டரில் ஒரு கம்பத்தைச் சுமந்து ஏறுவது உடலளவில் என்ன? அதிகாரிகளின் அறிக்கைகளில் குளிரும் மூச்சுத்திணறலும் பேசப்படுகின்றன. ஆனால் அவை அதிகாரிகளின் மூச்சு. பட்டறிவு இல்லாமல் ஆய்வேடு எழுத முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பஞ்சத்தைப் பற்றி எழுதுவோர் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும். ஆனாலும் அந்த ஐயம் விடவில்லை. ஆசையும் இருந்தது என்பதை மறைப்பானேன். கடந்த ஆண்டு 28 நாள் மலையேற்ற அடிப்படைப் பயிற்சியை முடித்தபோதே அது பற்றிக்கொண்டது.

இனி ஆயத்தம். பலரும் ஓட்டத்திலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் தொடங்குவார்கள். என் ஆயத்தம் ஓர் ஊசிமுனையில் தொடங்கியது. சென்ற செப்டம்பரில் மருத்துவச் சான்றிதழுக்காக இரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 9.6 கிராம் என்று வந்தது. கருவுறாத பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டா பயிற்சிக்குப் போய் வந்தீர்கள்?" என்று கேட்டார். எனக்கு எந்த நோயும் இருப்பதாக நான் உணர்ந்ததில்லை. மாலையில் களைப்பு வரும். எல்லோருக்கும் வருவதுதானே என்று இருந்தேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஒரே களைப்பில் இருந்தால் அக்களைப்புக்கு இயல்பு என்று பெயர் வந்துவிடுகிறது.

மலையைப் பொறுத்தவரை இது வெறும் உடல்நலக் குறிப்பன்று, கணக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் உயிர்வளியைச் சுமக்கும். 9.6 கிராம் என்றால் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12.9 மில்லிலிட்டர். 12.8 கிராம் என்றால் 17.2. இது முழுமையாக நிறைந்த நிலையில். உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. காற்றில் உயிர்வளியின் பங்கு எங்கும் 21 விழுக்காடே, ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் அளவு சுருங்குகிறது. ஏறத்தாழ 5,500 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி. காங் யாட்சேயின் உச்சியில் பாதிக்கும் குறைவு. சுமப்பவரும் குறைவு, சுமையும் குறைவு என்றால் தசைக்கு என்ன போய்ச் சேரும்? மேலும் உயரத்தில் உடல் புதிய சிவப்பணுக்களை ஆக்க முற்படும். அதற்கும் இரும்புச்சத்தே மூலப்பொருள். கிடங்கு காலியாக இருந்தால் கட்டளை பிறந்தும் பயனில்லை.

ஆகவே எனது முதல் நான்கு மாதப் பயிற்சி மாத்திரைகளோடு கழிந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணும்படி மருத்துவர் சொன்னார். நாள்தோறும் உண்டால் கூடுதலாகச் சேருமே என்று கேட்டேன். இரும்பு உள்ளே சென்றதும் ஹெப்சிடின் என்னும் இயக்குநீர் உயர்ந்து மறுநாள் உறிஞ்சுதலைத் தடுக்கும். ஒருநாள் இடைவெளி விட்டால் தடுப்பு தளரும் என்று விளக்கினார். மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு. முன்னும் பின்னும் தேநீர் கூடாது. தில்லியில் ஆய்வு மாணவியாக இருந்துகொண்டு தேநீரைத் தள்ளிவைப்பது சிகரம் ஏறுவதைவிடக் கடினம் என்பதைத் தாபாவில் மாலை நேரம் கழித்தவர்கள் அறிவார்கள். சனவரியில் 11.1. சூனில் 12.8. ஏப்ரலுக்குப் பிறகு ஒருநாள் நூலகப் படிகளில் நான்காம் தளத்துக்கு ஏறி, அங்கே வழக்கமாக நிற்குமிடத்தில் நிற்காமல் கடந்துபோனதை அறைக்குள் நுழைந்த பின்னரே கவனித்தேன்.

மாத்திரை தொடங்கிய பிறகே ஓட்டம். தில்லிக் குளிர்காலத்தில் வெளியே ஓடுவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நவம்பர் முழுவதும் சன்னல்களை அடைத்துக்கொண்டு விடுதி அறையில் கயிறு தாண்டினேன். பிப்ரவரிக்குப் பிறகு சஞ்சய் வனத்தின் மண்பாதைகளில் வாரம் நான்கு நாள். வேகம் ஒரு பொருட்டே அன்று. ஓடிக்கொண்டே முழு வாக்கியம் ஒன்றைப் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. இதயமும் நுண்குழாய்களும் நீண்டநேர உழைப்புக்குப் பழகுவது இம்மெதுவான ஓட்டத்தில்தான். தோழியோடு ஓடினால் பேசிச் சோதிக்கலாம். தனியே ஓடும்போது நான் இரண்டாம் இயலின் வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். நாய்கள் விலகி நின்றன.

படிக்கட்டுதான் என் மலை. அடிமுகாம் ஏறத்தாழ 5,100 மீட்டரில். உச்சிக்கு இன்னும் 1,150 மீட்டர். எங்கள் விடுதியின் ஐந்து தளங்களை ஒருமுறை ஏறினால் 15 மீட்டர். எனவே 77 முறை. சூனில் ஒரு ஞாயிறு, விடியற்காலை நான்கு மணிக்கு, 10 கிலோ முதுகுப்பையோடு தொடங்கி மூன்றரை மணி நேரத்தில் முடித்தேன். பையை நிறைத்தவை ஆவணக்காப்பக ஒளிநகல்கள். வேறு பயன் இல்லாவிட்டாலும் எடைக்கு உதவின. ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதில் கவனம் வையுங்கள் என்பது என் வற்புறுத்தல். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. பழகாத தசை அதில்தான் நைந்துபோகும். உச்சிநாளில் களைத்த கால்களோடு இறங்கும்போது தடுமாறி விழுவோர் பலர். கடைசிச் சுற்றுகளில் இரவுக் காவலர் எழுந்து வந்து பார்த்தார். சமோலி மாவட்டத்துக்காரர். "என்ன பிட்டியா, ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார். விளக்கினேன். தம் ஊரில் அம்மா புல்லறுக்கப் போய்வரும் ஏற்றம் கிட்டத்தட்ட இவ்வளவு இருக்கும், திரும்பும்போது தலையில் கட்டும் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய் அமர்ந்துகொண்டார்.

இவ்வளவு பயிற்சியும் எதற்கு உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உடல் வலிமை மலைநோயிலிருந்து காக்காது. மாரத்தான் ஓடுபவர் லேயில் இறங்கிய மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதும், உடற்பயிற்சியே அறியாத மூதாட்டி அருகில் அமர்ந்து அவருக்குச் சூப் கொடுப்பதும் நடக்கக்கூடியவையே. இதைப் பற்றிய செம்மையான ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே எழுந்தது. 1962 போரை ஒட்டிய ஆண்டுகளில் சமவெளி வீரர்கள் திடீரென்று பேருயரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் கடும் மலைநோய்க்கு ஆளான 1,925 பேரைக் குறித்து இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடனுழைத்தோரும் எழுதிய கட்டுரை 1969-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. உலகெங்கும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் அக்கட்டுரையை மலையேற்றம் பேசும் நம் வட்டங்களில் அதிகம் பேர் படித்ததாகத் தெரியவில்லை. வரலாற்று மாணவியாக நான் அதை வேறு கண்ணோடும் படித்தேன். 1,925 உடல்கள். இங்கும் பெயர்கள் இல்லை. ஆனால் இங்கே பெயரில்லாமை நோயாளியைக் காக்கும் அறம். ஷில்லாவின் கலாசிக்கு நேர்ந்தது அது அன்று. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது எங்கள் துறையின் சோம்பல் என்று நினைக்கிறேன். இது ஆய்வேட்டில் தனியே வரும்.

மலைநோய்க்கு மாற்று ஒன்றுதான்: நாள்கள். உயரத்தில் நாம் அறியாமலே வேகமாக மூச்சு விடுகிறோம். கரியமிலவாயு மிகுதியாக வெளியேற, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அந்தக் காரம் மூச்சை மட்டுப்படுத்தப் பார்க்கும். சிறுநீரகங்கள் பைகார்பனேட்டை வெளியேற்றிச் சமன்செய்யும் வரை இந்த இழுபறி ஓயாது, அதற்குச் சில நாள் ஆகும். அசெட்டசோலமைடு என்னும் மாத்திரை செய்வதும் இதே வேலையை விரைவுபடுத்துவதுதான். நோயின் அறிகுறியை மூடிமறைக்கும் மருந்து என்று அதைத் தவறாகக் கருதுவோர் உண்டு. அதை உண்பதா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முகநூலில் கேட்க வேண்டாம்.

3,000 மீட்டருக்கு மேல் உறங்குமிடத்தின் உயரத்தை ஒருநாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு கொள்வதும் மருத்துவ வழிகாட்டுதல். தில்லி 216 மீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் லே, 3,500 மீட்டர். இதுவே விதியை மீறிய தொடக்கம். ஆகவே லேயில் மூன்று முழு நாள்கள், நடப்பதும் உறங்குவதுமாக. பிறகு மார்க்கா வழியே மெல்ல மேலே சென்று, நிமாலிங் மேய்ச்சல்வெளியில், அதாவது ஏறத்தாழ 4,800 மீட்டரில், ஒருநாள் கூடுதலாகத் தங்கல். நான் முதலில் அணுகிய நிறுவனம் எட்டு நாளில் எல்லாம் முடியும் என்றது. ஏன் இவ்வளவு விரைவு என்று கேட்டதற்கு, "மேடம், எல்லாருக்கும் லீவு அவ்வளவுதான் கிடைக்குது" என்றார்கள். உண்மைதான். மென்பொருள் அலுவலகத்தின் விடுமுறை நாள்களும் சிறுநீரகத்தின் வேகமும் ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. ஆய்வு மாணவர்களாகிய நம்மிடம் பணம் இல்லை. ஆனால் நாள்கள் இருக்கின்றன. இத்துறையில் நமக்கு வாய்த்த ஒரே சலுகை அது.

நிறுவனத்தைத் தேர்ந்தபோது நான் கேட்ட இன்னொரு கேள்வி, சமையற்காரருக்கும் குதிரைக்காரருக்கும் வழிகாட்டிக்கும் காப்பீடு உண்டா, அவர்கள் இரவில் எங்கே உறங்குகிறார்கள் என்பது. மூவரிடம் கேட்டேன். ஒருவர் விடை தரவில்லை. ஒருவர் சிரித்தார். மூன்றாமவர் காப்பீட்டுத் தாளின் நகலை அனுப்பினார், அவரோடு செல்கிறேன். கட்டணம் சற்றுக் கூடுதல். கலாசிகளைப் பற்றி நானூறு பக்கம் எழுதிவிட்டு இதைக் கேட்காமல் போயிருந்தால் என் நெறியாளரே என்னை மன்னித்திருக்க மாட்டார்.

இதே சூழலில் ஸ்டோக் காங்ரி பற்றியும் ஒரு சொல். லேயிலிருந்து எளிதில் எட்டக்கூடிய, 6,153 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம்தான் நெடுங்காலம் பலருக்கும் முதல் ஆறாயிரமாக இருந்தது. தங்கள் குடிநீருக்கு ஆதாரமான பனி மாசுபடுகிறது என்பதால் 2020 முதல் அதை மூடினார்கள், ஸ்டோக் ஊர்மக்களும் உள்ளூர்ச் சுற்றுலா அமைப்பினரும். அங்கே முடியாத ஏற்றம் வேறு சிகரங்களைத் தேடுகிறது. நானும் அவ்வாறு தேடி வந்தவள்தான். கழிவைச் சுமந்து திரும்புவதற்கான பைகளை எடுத்துச் செல்கிறோம். அது போதுமா என்றால், போதாது.

பொருள்களைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை. உறங்குபையும் பனிக்கோடரியும் கிராம்பானும் வாடகைக்குக் கிடைக்கும். காலணி மட்டும் விதிவிலக்கு. வாடகைக்கு வரும் உயர்மலைக் காலணிகள் பெரும்பாலும் ஆண்களின் அளவில் இருப்பதால், சிறிய பாதமுடையோர் முன்கூட்டியே எழுதிக் கேட்டு உறுதி செய்க. இரண்டு காலுறை அணிந்து சரிக்கட்டலாம் என்பார்கள். விரல்கள் நெருக்கப்பட்டால் இரத்தவோட்டம் குன்றிப் பனிக்கடிக்கு அதுவே வழி.

அச்சத்தைப் பற்றியும் எழுத வேண்டும். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில் மேல்நிலைப் பயிற்சியில் இருந்த குழுவைப் பனிச்சரிவு வாரிச் சென்றது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்டையும் மக்காலுவையும் ஏறி முடித்திருந்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களுள் ஒருவர். அச்சிகரம் 5,670 மீட்டர்; நான் செல்லவிருப்பதைவிடத் தாழ்ந்தது. ஆயத்தம் குறைந்தவர்களே இறக்கிறார்கள் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள அந்நாள் இடம் தரவில்லை.

உயிர்வளி குன்றினால் முதலில் கெடுவது கணிப்புத்திறன். கெட்டுவிட்டது என்பதை அறியவும் அதே திறன் வேண்டும். ஆகவே முடிவுகளைத் தில்லியிலேயே எழுதி வைத்திருக்கிறோம். என்னோடு வருபவர் விலங்கியல் துறைத் தோழி, மணிப்பூரைச் சேர்ந்தவர். தலைவலி, குமட்டல், களைப்பு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண் தரும் லேக் லூயிஸ் அளவுகோலை ஒருவரிடம் ஒருவர் காலையும் மாலையும் கேட்போம். தலைவலியோடு சேர்ந்து கூட்டுத்தொகை மூன்றை எட்டினால் அன்று மேலே செல்வதில்லை. நடை தள்ளாடினாலோ, ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ, மூளை வீக்கமோ நுரையீரல் நீர்க்கோப்போ என்று கொண்டு இருளானாலும் உடனே இறங்குவது. உச்சிநாளில் காலை எட்டு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது. வெயில் ஏறினால் பனி இளகும். மற்றவர் "திரும்பலாம்" என்றால் காரணம் கேட்கக் கூடாது. இருவரும் கையொப்பமிட்டோம். அவர் தம் மொழியில் இட்டார், நான் தமிழில்.

இனி அம்மா. சாத்தூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அப்பா இல்லாத வீடு. இடர்ப்பொறுப்புப் படிவத்தில் அவர் கையொப்பம் வேண்டும். "யாருக்காகத் தாயி போற? உங்க வாத்தியாரு போகச் சொன்னாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப யாருதான் சொன்னா?" இதற்கு என்னிடம் விடை இல்லை, இன்றும் இல்லை. என் உதவித்தொகை டிசம்பரில் முடிகிறது. தம்பி இன்னும் பாலிடெக்னிக்கில். எனக்கு ஏதேனும் நேர்ந்தால் பொருளளவில் என்ன ஆகும் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வழக்கமான காப்பீடுகள் பல மலையேற்றத்தை விலக்கிவைக்கின்றன. அதனையும் ஈடுகட்டும் தனிக் காப்பீட்டுக்கு இரண்டு மாதச் சேமிப்பு போயிற்று. பயணத்தின் செலவுகளில் நான் முணுமுணுக்காமல் கட்டியது அது ஒன்றே.

அந்தப் பேச்சின்போதுதான் என் இரத்தக் கணக்கை அம்மாவுக்கு விளக்கினேன். மாத்திரை உண்பதைச் சொன்னால் மனம் இளகுவார் என்ற தந்திரம். அவர், "எனக்கும் அந்தப் படி ஏறுறப்ப நெஞ்சு படபடங்குது, அதுவா?" என்று கேட்டார். அக்டோபரில் தம்பி பரிசோதனைக்கு அழைத்துச் சென்றான். 7.4. பல ஆண்டுகளாகத் தொடர்ந்த மிகை உதிரப்போக்கை, வயது நின்றால் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். கருப்பையில் கட்டிகள். அரசு மருத்துவமனையில் நரம்பு வழியே இரும்பு ஏற்றி, மார்ச்சில் அறுவை செய்தார்கள். சூனில் செல்வதாக இருந்த என் ஏற்றம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது அதனால்தான். அந்த ஒன்றரை மாதம் ஊரில் இருந்தேன். ஹீமோகுளோபின் 7.4-ஓடு அவர் குழாயடியிலிருந்து மாடிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றிய ஆண்டுகளை எந்த மீட்டரில் கணக்கிடுவது என்று தெரியவில்லை. உயிர்வளியின் கணக்கில் பார்த்தால், 100 மில்லிலிட்டருக்கு 9.9. நான் மலையில் எதிர்பார்க்கும் இன்மையை அவர் சாத்தூரிலேயே, ஏறத்தாழ கடல்மட்டத்தில், சுமந்திருக்கிறார்.

சென்ற வாரம் அவருக்கு 11.8. படிவத்தில் கையொப்பமிட்டுத் தம்பியின் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். கூடவே ஒரு குரல்பதிவு: எட்டு மணி என்றால் எட்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும், ஒன்பது என்று இழுக்கக் கூடாது.

ஆகஸ்டு 6 அன்று லே. 10 முதல் கைப்பேசித் தொடர்பு இராது. இப்பதிவின் கீழ் எழும் வினாக்களுக்கு 20-க்குப் பிறகு விடை எழுதுகிறேன். இதைப் படிக்கும் தோழியர் எங்கும் ஏறாவிட்டாலும் ஒரு முழு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக நலமையங்கள் பலவற்றில் கட்டணமின்றியே செய்கிறார்கள். வெறும் வயிறு தேவையில்லை.